இம்மியளவு சத்தமும் திணறிப்போன ப்ராசசரும்

பாட்டு ஓடும்போது கம்ப்யூட்டர் திணறினா காரணம் கேட்க வேண்டியதில்லை. வேலை அதிகம், அவ்வளவுதான். ஆனா பாட்டு முழுக்க ஒழுங்கா ஓடிட்டு, முடிஞ்சு, ஸ்பீக்கர்ல சத்தமே இல்லாத நேரத்துல ப்ராசசர் மீட்டர் திடீர்னு நூத்துக்கு ஏறி, மவுஸ்கூட நகராம மென்பொருள் உறைஞ்சு நின்னா?

2000-ம் ஆண்டுக்குப் பிறகு சில வருஷங்கள், வீட்டில் கம்ப்யூட்டரை வைத்து ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த பலபேர் இதைப் பார்த்திருக்கிறார்கள். சந்தையிலேயே வேகமான ப்ராசசர் என்று சொல்லி விற்றதை வாங்கி வைத்திருந்தவர்களுக்குத்தான் அதிகம். எனக்குத் தெரிந்த ஒரு நண்பர் பழைய கேசட்டுகளைச் சுத்தம் செய்து சிடியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கடையில் ராம் போதாதுன்னு சொன்னாங்க, போட்டார். ஹார்ட் டிஸ்க் மெதுவுன்னு சொன்னாங்க, மாத்தினார். சவுண்ட் கார்டு சரியில்லைன்னாங்க, அதையும் மாத்தினார். ஆனாலும் பாட்டு முடிஞ்சு அரை நிமிஷத்துல மெஷின் மூச்சை அடைக்கும். செலவு பண்ண எதுவுமே வியாதிக்கு மருந்து இல்லை. வியாதியின் மூலம் கலிபோர்னியாவில் 1970-களின் கடைசியில் நடந்த ஒரு சண்டையில் இருந்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாதீங்க. :)

முதல்ல ஒலி எப்படி கம்ப்யூட்டருக்குள் ஓடுதுன்னு பார்த்துடலாம். சிடி தரத்தில் ஒரு விநாடிக்கு 44,100 எண்கள். மென்பொருள் இதை ஒவ்வொண்ணா கையாளாது, மூட்டை மூட்டையாகக் கட்டி அனுப்பும். மூட்டைக்கு 256 எண்கள் என்று வைத்தால், ஒரு மூட்டைக்குக் கிடைக்கும் நேரம் 5.8 மில்லிவிநாடி. அதற்குள் எல்லாக் கணக்கையும் முடித்து அடுத்த மூட்டையைத் தயாராக வைக்கணும். முடியலைன்னா ஸ்பீக்கரில் 'டப்'. ஒலிக்குத் தாமதம் ஆகவே கூடாது என்பதால் இந்த வேலைக்கு மற்ற எல்லாத்தையும் விட முன்னுரிமை கொடுத்திருப்பாங்க. அன்றைய கம்ப்யூட்டர்களில் ப்ராசசருக்கு ஒரே ஒரு மூளை. ஒலி வேலை அதை முழுசா விழுங்கிட்டா திரையை வரையவோ மவுஸை நகர்த்தவோ ஆள் கிடையாது. "ஹேங் ஆயிடுச்சு" என்று நாம் சொல்வது பல நேரம் இதைத்தான். மென்பொருள் சாகவில்லை. உயிரைக் கொடுத்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது, நமக்குப் பதில் சொல்லத்தான் நேரமில்லை.

ஆரம்பத்தில் இந்தப் பிரச்சனை இந்த வடிவத்தில் கிடையாது. 1991-ல் வந்த ப்ரோ டூல்ஸ், ஒலிக் கணக்குகளைக் கம்ப்யூட்டரின் ப்ராசசரிடம் விடாமல் தனி அட்டையில் இருந்த மோட்டோரோலா சில்லுகளிடம் கொடுத்தது. அந்தச் சில்லுகள் முழு எண்களில் கணக்குப் போடுபவை. முழு எண்ணில் ஒரு சத்தம் தேய்ந்துகொண்டே போனால் 5, 4, 3 என்று இறங்கி ஏதோ ஒரு கட்டத்தில் பூஜ்யமாகிவிடும். ஆகாமல் கடைசி எண்ணிலேயே ஒட்டிக்கொண்டு நின்றாலும் கணக்குப் போடும் நேரம் கூடாது. ஆனா விலை? ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும்.

1996-ல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் க்யூபேஸ் விஎஸ்டி-யைக் கொண்டுவந்தது. தனி அட்டை வேண்டாம், உங்க கம்ப்யூட்டரின் ப்ராசசரே போதும் என்றது. முதலில் மேக்கில், அடுத்து விண்டோஸில். யார் வேண்டுமானாலும் ஒலிக்கருவிகளையும் எஃபெக்ட்களையும் ப்ளக்-இன்னாக எழுதிச் செருகலாம். 2000-ல் இலவசமாக ஆடாசிட்டி வந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸ்ஸோனியும் ரோஜர் டேனன்பெர்க்கும் தொடங்கியது. ஸ்டூடியோ என்பது மேஜைக்கு வந்துவிட்டது. இந்த மென்பொருட்கள் எல்லாம் முழு எண்ணை விட்டுவிட்டு 32 பிட் ஃப்ளோட்டிங் பாயிண்ட், அதாவது மிதக்கும் புள்ளி எண்களுக்கு மாறின. நல்ல காரணம் இருந்தது: எவ்வளவு சத்தம் கூட்டினாலும் நடுவில் உடையாது, எவ்வளவு குறைத்தாலும் நுணுக்கம் போகாது.

எவ்வளவு குறைத்தாலும். வில்லங்கம் அந்த வார்த்தையில்தான்.

எஃபெக்ட்களிலேயே எல்லாருக்கும் பிடித்தது ரிவெர்ப். கோயில் மண்டபத்தில் பாடினால் வருமே, அந்த முழக்கம். அதைச் செயற்கையாகச் செய்யும் வழியை பெல் ஆய்வகத்தில் இருந்த மன்ஃப்ரெட் ஷ்ரோடர் 1960-களின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்: ஒலியைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, கொஞ்சம் குறைத்து, மறுபடி தன்னோடயே சேர்த்துவிடு. அது திரும்பத் திரும்பச் சுற்றிச் சுற்றித் தேயும். 2000 ஜூனில் ஜெசார் என்பவர் ஃப்ரீவெர்ப் என்று ஒன்றை எழுதி, காப்புரிமை எதுவும் கோராமல் உலகத்துக்கே கொடுத்துவிட்டார். ஸ்டீரியோவில் ஒரு பக்கத்துக்கு எட்டு 'சீப்பு' வடிகட்டி, நாலு 'எல்லாம் கடக்கும்' வடிகட்டி, ஆக ரெண்டு பக்கத்துக்கும் 24. அதற்குப் பின் வந்த எத்தனையோ மென்பொருட்களில் அந்த மூலநிரல் குடியிருக்கிறது.

இப்போ ஒரு கணக்கு. ரெண்டு விநாடியில் 60 டெசிபல் இறங்கும் ஒரு ரிவெர்பை எடுத்துக்குவோம். 24 பிட் ஒலிப்பதிவின் மொத்த வீச்சே 144 டெசிபல்தான். அதாவது ஐந்து விநாடி கழித்து அந்த முழக்கம் எந்தக் கருவியாலும் பிடிக்க முடியாத ஆழத்துக்குப் போயிருக்கும். ஆனா எண் பூஜ்யமாகாது. பாதியில் பாதி, அதில் பாதி என்று போய்க்கொண்டே இருக்கும். மிதக்கும் புள்ளி எண்ணின் தரைமட்டம், புள்ளிக்குப் பிறகு 37 பூஜ்யம் போட்டு 118 என்று எழுதுகிற அளவு. டெசிபலில் கிட்டத்தட்ட மைனஸ் 759. நம்ம ரிவெர்ப் அங்கே போய்ச் சேர ஆகும் நேரம் சுமார் 25 விநாடி.

அதாவது பாட்டு முடிந்து 25 விநாடி. நண்பரின் மெஷின் மூச்சு விட மறந்த அதே நேரம்!

அந்தத் தரைமட்டத்துக்குக் கீழே என்ன இருக்கணும் என்பதுதான் சண்டை. 1970-களில் ஒவ்வொரு கம்ப்யூட்டர் கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் புள்ளிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஒரே நிரல், ரெண்டு மெஷினில் ரெண்டு விடை. 1977-ல் ஐட்ரிபிள்ஈ ஒரு குழுவைக் கூட்டியது. பெர்க்லியில் பேராசிரியராக இருந்த வில்லியம் கஹான், இன்டெலின் 8087 கணக்குச் சில்லுக்கும் ஆலோசகர். அவர் தரப்பு சொன்னது: தரைமட்டத்துக்குக் கீழே சட்டென்று பூஜ்யத்தில் விழக் கூடாது, படிக்கட்டு வைத்து இறங்கணும். கீழே போகப் போக இலக்கங்கள் குறையட்டும், துல்லியம் போகட்டும், ஆனாலும் பூஜ்யம் அல்லாத ஒரு எண் இருக்கட்டும். இப்படித் தரைக்குக் கீழே இருக்கும் எண்களுக்குத்தான் டீநார்மல் என்று பெயர்.

நம்ம ஊர் பழைய கணக்கில் சொன்னா எளிதாப் புரியும். முந்திரி என்பது 1/320. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனா அதில் 320-ல் ஒரு பங்கை, 1/102400-ஐ, கீழ்முந்திரி என்று வைத்தார்கள். அதற்கும் கீழே இம்மி. கணக்குப்பிள்ளை முந்திரிக்குக் கீழே எல்லாத்தையும் பூஜ்யம்னு எழுதினா என்ன ஆகும்? ரெண்டு பேர் பங்கும் வேற வேற, ஆனா கழிச்சுப் பார்த்தா வித்தியாசம் பூஜ்யம். கஹானின் வாதமும் இதேதான். இரண்டு எண்கள் சமமில்லை என்றால் அவற்றின் வித்தியாசம் பூஜ்யமாக வரக் கூடாது. "சமமில்லையே" என்று நிரலில் சோதித்துவிட்டு நம்பி வகுக்கிறவன் தலையில் கல் விழக் கூடாது.

எதிர்த்தரப்பு டெக் கம்பெனி. அவங்க வேக்ஸ் கம்ப்யூட்டர்கள் அப்போ கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தன. அவற்றில் படிக்கட்டு கிடையாது. இதை வன்பொருளில் செய்தால் வேகம் போய்விடும் என்றார்கள். கடைசியில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் ஜி. டபிள்யூ. ஸ்டூவர்ட் என்ற பிழைக்கணக்கு வல்லுநரிடம் டெக் கம்பெனியே கேட்டது. 1981-ல் பாஸ்டனில் நடந்த கூட்டத்தில் அவர் வந்து, எல்லாத்தையும் எடைபோட்டுப் பார்த்தால் படிக்கட்டுதான் சரி என்று சொல்லிவிட்டார். கூலி கொடுத்தவங்களுக்கு எதிரா சாட்சி சொன்ன மனுஷன். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்தவர். 1985-ல் ஐட்ரிபிள்ஈ 754 தரநிலை வெளியானது, படிக்கட்டோடு. கஹானுக்கு 1989-ல் ட்யூரிங் விருது.

தரநிலை, விடை என்னவாக இருக்கணும் என்று சொல்லியது. எவ்வளவு நேரத்தில் வரணும் என்று சொல்லவில்லை. டெக் கிளப்பிய வேகம் பற்றிய சந்தேகம் வாக்கெடுப்பில் தோற்றது, ஆனா செத்துப்போகலை. இருபது வருஷம் கழிச்சு வேற வீட்டில், அதுவும் இன்டெலின் வீட்டிலேயே, எழுந்து உட்கார்ந்தது.

2000 நவம்பரில் பென்டியம் 4 வந்தது. 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸ். அந்தக் காலத்தில் கிகாஹெர்ட்ஸ்தான் எல்லாம். விளம்பரத்தில் அதுதான் கொட்டை எழுத்து. அந்த எண்ணை ஏற்றுவதற்காக வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி 20 படி நீளமுள்ள வரிசையாக அடுக்கினார்கள். பென்டியம் 3-ல் இது ஏறக்குறைய பாதி. நீளமான வரிசை நிற்காமல் ஓடினால் பிரமாதம். நடுவில் தடை வந்தால் மொத்த வரிசையையும் காலி செய்து மறுபடி நிரப்பணும். டீநார்மல் எண்ணை இந்தச் சில்லின் வேகமான பாதை கையாளாது. வந்தா, வரிசையைக் கலைத்துவிட்டு, உள்ளே இருக்கும் நுண்நிரலைக் கூப்பிட்டு நிதானமா கணக்குப் போடும். சாதாரணமாகச் சில சுழற்சிகளில் முடியும் ஒரு கூட்டலோ பெருக்கலோ நூற்றுக்கும் மேற்பட்ட சுழற்சிகளைத் தின்னும்.

குத்துமதிப்பாக ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 1.5 கிகாஹெர்ட்ஸில் 5.8 மில்லிவிநாடிக்கு 87 லட்சம் சுழற்சிகள். ஒரு ரிவெர்பின் 24 வடிகட்டி, மூட்டையில் 256 எண், ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில் இந்தத் தடை, தடைக்கு 150 சுழற்சி. பெருக்கினா 27 லட்சத்துக்கு மேல். ஒரே ரிவெர்ப், அதுவும் ஒண்ணுமே கேட்காத நேரத்தில், ப்ராசசரில் மூன்றில் ஒரு பங்கு. மூன்று டிராக்கில் ரிவெர்ப் போட்டிருந்தா கதை முடிஞ்சது.

இன்னும் ஒரு கூத்து இருக்கு. படிக்கட்டில் இறங்குற எண், கணக்குப்படி ஐந்து விநாடிக்குள் கீழே போய் பூஜ்யமாகணும். ஆகாது. இருக்கிறதிலேயே சின்ன எண்ணை 0.84-ஆல் பெருக்கினால் வருவது 0.84 பங்கு. அப்படி ஒரு எண் இல்லை. பக்கத்தில் இருப்பது 1, அதனால் முழுமையாக்கி மறுபடி அதே 1. செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். நீங்களா போய் நிறுத்துற வரைக்கும் மெஷின் மீளாது.

அதிலும் கவனமா வேலை செய்தவங்களுக்குத்தான் அடி பலம். மைக்கில் நேரடியாக வரும் ஒலியில் எப்பவும் லேசான இரைச்சல் இருக்கும். அது இருக்கிற வரை எண்கள் அவ்வளவு கீழே போகவே போகாது. தம்புரா நிற்காமல் மீட்டிக்கொண்டிருக்கும் கச்சேரிப் பதிவிலும் அப்படித்தான். ஆனா இரைச்சலை வெட்டி, இடைவெளிகளைச் சுத்தமான பூஜ்யமாக்கி, அதற்கு மேல் ரிவெர்ப் போட்டால்? சுத்தம் செய்யச் செய்யத் தொல்லை. கேசட்டைச் சுத்தம் பண்ணின நண்பருக்கு வந்தது இதனால்தான்.

ஒலி நிரல் எழுதுகிறவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். ஃப்ரீவெர்பின் மூலநிரலில் இதற்கென்றே ஒரு தனிக் கோப்பு இருக்கிறது: எண் டீநார்மலா என்று பிட்களைப் பார்த்து, ஆமென்றால் பூஜ்யமாக்கிவிடும். வேறு சிலர் வேறு வழி பிடித்தார்கள். ஓடுகிற ஒலியில் மைனஸ் 400 டெசிபல் அளவுக்கு ஒரு பொடி இரைச்சலைக் கலந்துவிடு. காதுக்கு எட்டாது, ஆனா எண்கள் தரைக்குக் கீழே போகாது. மாறாத ஒரு எண்ணைக் கூட்டினாலே போதும் என்று நினைத்தவர்களும் உண்டு. பின்னால் தாழ்சுருதியை வெட்டும் வடிகட்டி ஒன்று இருந்தால் அது அந்த மாறாத எண்ணைத் துடைத்துவிடும், மறுபடி முதல்லேர்ந்து. நிரல் எழுதத் தெரியாதவங்க ரிவெர்புக்கு முன்னாடி இரைச்சல் எழுப்பும் ப்ளக்-இன் ஒன்றைப் போட்டு, சத்தத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து வைத்தாங்க. மெஷின் அமைதியா இருக்கணும்னா கொஞ்சம் இரைச்சல் போட்டு வைக்கணும்!

இன்டெலிடமும் மருந்து இருந்தது. 1999-ல் பென்டியம் 3-ல் வந்த எஸ்எஸ்இ கட்டளைகளில் 'தரைக்குக் கீழே போனா பூஜ்யமாக்கு' என்று ஒரு சுவிட்ச் உண்டு. பென்டியம் 4 காலத்தில் 'உள்ளே வரும் டீநார்மலையும் பூஜ்யமா எடுத்துக்கோ' என்று இன்னொன்று சேர்ந்தது. ஆனா அன்றைய ப்ளக்-இன்கள் பலவும் பழைய எக்ஸ்87 கட்டளைகளில், அதாவது 8087-ன் வாரிசில், எழுதப்பட்டவை. அதற்கு இந்தச் சுவிட்ச் கிடையாது. மருந்துக் கடை திறந்திருக்கு, நோயாளி வேற தெருவில் இருக்கான்.

யார் மேல் தப்பு? கஹான் செய்தது சரி என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன். விண்கலப் பாதையும் பாலத்தின் பாரமும் கணக்குப் போடும் அதே சில்லில்தான் நாம் பாட்டும் கலக்கிறோம். அங்கே இம்மியும் கணக்கில் வரணும். குற்றம் சொல்லணும்னா, படிக்கட்டைக் கட்டிவிட்டு அதில் யாரும் இறங்க மாட்டார்கள் என்று பந்தயம் கட்டிய சில்லு வடிவமைப்பைத்தான் சொல்வேன். தேய்ந்துகொண்டே போவது ஒலியின் இயல்பு. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அந்தப் படிக்கட்டில் ஆள் இறங்கும். விளம்பரத்துக்கு எடுத்த சோதனையில் பாட்டு முடிந்த பிறகு 25 விநாடி காத்திருந்து யார் பார்க்கப்போறாங்க?

அந்த நீள வரிசைக்கு ஆயுசும் கெட்டியில்லை. 2004-ல் 31 படிக்கு நீட்டினார்கள், சூடுதான் ஏறியது. 2006-ல் கோர் 2 வந்தபோது அந்த வடிவமைப்பையே கைவிட்டார்கள். 2011-ன் சாண்டி பிரிட்ஜில் கூட்டலுக்கு டீநார்மல் அபராதம் நீங்கியது, பெருக்கலுக்கு நீங்கவில்லை. இன்றைய ஆடியோ மென்பொருட்கள் பெரும்பாலும் ஒலி வேலையைத் தொடங்கும்போதே அந்த ரெண்டு சுவிட்சையும் போட்டுவிடுகின்றன. அந்த சுவிட்ச் ஒவ்வொரு இழைக்கும் தனித்தனி என்பதால், ஏதாவது ஒரு ப்ளக்-இன் இடையில் அணைத்துவிட்டால் பழைய பேய் வரும். இப்பவும் சந்தேகம் இருந்தா சோதிக்க எளிய வழி: ஒலி ஓடும் எஞ்சினை நிறுத்தாமல், பாட்டு முடிந்த இடத்துக்குப் பிறகு வெறுமனே ஓடவிட்டு, மீட்டரைப் பாருங்க. அமைதியில் ஏறினா டீநார்மல். சத்தத்தில் ஏறினா நிஜமாவே வேலை அதிகம். மூட்டையைப் பெரிதாக்குங்க, இல்லாட்டி சில டிராக்குகளை 'ஃப்ரீஸ்' செய்து வையுங்க. (உறைந்துபோவதற்கு மருந்தாக வந்த வசதிக்குப் பெயரும் உறையவைப்பது. 2003 வாக்கில் லாஜிக்கிலும் க்யூபேஸிலும் வந்தது. பெயர் வைத்தவர் வாழ்க.)

இந்தத் தாமதத்தை வேறு சிலரும் கவனித்தார்கள், ஒலிக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள். 2015-ல் சான் டியேகோ கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபயர்பாக்ஸ் உலாவியில் ஒரு வித்தை காட்டினார்கள். வேறொரு தளத்தின் பக்கத்தைப் பட வடிகட்டி வழியாக ஓட்டி, கணக்கு வேகமா முடியுதா மெதுவா முடியுதா என்று நேரத்தை மட்டும் அளந்து, பார்க்கக் கூடாத பிக்சல்கள் கறுப்பா வெள்ளையா என்று படித்துவிட்டார்கள்.

சுவிட்சைப் போடுவதும் எப்பவும் நல்லதுன்னு சொல்ல முடியலை. ஜிசிசி கம்பைலரில் வேகக் கணக்குக்கான தேர்வைக் கொடுத்து ஒரு பொது நூலகத்தைக் கட்டினால், அதை ஏற்றும் நிரலின் சுவிட்சையும் அது சொல்லாமல் கொள்ளாமல் போட்டுவிடும். 2022-ல் பைத்தான் பொதிகள் சிலவற்றில் இது நடப்பதைக் கண்டுபிடித்தார்கள். எங்கோ ஒரு நூலகம் அவசரப்பட்டதால், இம்மியும் வேணும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்களின் எண்கள் பூஜ்யமாகிக்கொண்டிருந்தன. 2023-ல் வந்த ஜிசிசி 13-ல்தான் அந்தப் பழக்கத்தை நிறுத்தினார்கள். அதற்கு முன்னால் அப்படிக் கட்டி வைத்த நூலகத்தை இன்று ஏற்றினாலும் அது சுவிட்சைப் போடும். திரும்பக் கட்டினால்தான் போகும்.